கார் எஞ்சினுக்குப் பிரீதர் பில்ட்டர் தேவையா? சோதனை முதல் பொருத்துதல் வரை வரிசைப்படி

பிரீதர் பில்ட்டர், எஞ்சினுக்குள் சேரும் கழிவு வாயுவை வெளியே விடுவதற்காக மாட்டும், விரல் நீளமுள்ள, கூம்பு வடிவமான ஒரு சிறிய பில்ட்டர். எஞ்சினின் தலையை மூடும் டேப்பட் கவரிலிருந்து ஏர் பில்ட்டர் குழாய்க்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த மூக்கில் இதைச் செருகி கிளாம்பை முறுக்கினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பெங்களூரு ஜே.சி. ரோட்டுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால், முதலில் வாங்கிவிட்டு, பிறகு "இதை எந்த இடத்தில் மாட்டுவது?" என்று கேட்டு வருகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். மாட்டலாமா கூடாதா என்ற கேள்வி அதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். அதற்கான பதில் உங்கள் எஞ்சினிலேயே இருக்கிறது. சில சோதனைகளைச் சரியான வரிசையில் செய்தால் அது தெரிந்துவிடும். வரிசை மாறினால், தேய்ந்த பிஸ்டன் ரிங்கின் அறிகுறியைப் பில்ட்டர் மறைத்துவிடும், அல்லது அடைத்துக்கொண்ட குழாய் ஒன்றுக்காக நல்ல எஞ்சினைப் பிரிக்க நேரிடும். இரண்டும் என் கண்முன்னே நடந்திருக்கின்றன.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

டார்ச், ஹோஸ் கிளாம்பைத் திறக்கும் பிளையர், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, பழைய துணி, கையுறை, ஒட்டிப் பெயர் எழுதுவதற்கு மாஸ்கிங் டேப் ஆகியவை வேண்டும். இவற்றோடு சுமார் 3 மீட்டர் நீளமும் 8 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய், உங்கள் காருக்குப் பொருந்தும் பழைய ஆயில் மூடி ஒன்று, காரின் ஓபிடி சாக்கெட்டில் (எஞ்சின் தகவல்களைப் படிக்கும் இணைப்பு) செருகிக் கைபேசியில் பார்க்கும் ஸ்கேனர் ஆகிய மூன்றையும் தேடிக்கொள்ளுங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வாங்கத் தேவையில்லை. அது எல்லா மெக்கானிக்கிடமும் இருக்கும்.

எதையும் கழற்றும் முன் எஞ்சின் அறையை நான்கு பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவில் கருப்பாக இருக்கும் மூன்று ஹோஸ்களில் எது எங்கே இருந்தது என்பது, கழற்றிய அரை மணி நேரத்தில் யாருக்கும் மறந்துபோகும்.

2. இரண்டு குழாய்களையும் அடையாளம் காணுங்கள்

சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். புத்தம்புதிய எஞ்சினிலும் இது உண்டு; மெக்கானிக்குகள் இதை புளோ-பை என்பார்கள். இதில் எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி, அமிலத் தன்மையுள்ள வாயுக்கள், ஆயில் துளிகள் எல்லாம் கலந்திருக்கும். வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும். வழி மட்டும் இருந்து புதுக்காற்று உள்ளே வராவிட்டால், நீராவி ஆயிலிலேயே தங்கி அதைக் கெடுத்துவிடும்.

எனவே சாதாரண பெட்ரோல் எஞ்சினில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று, வாயுவை அளவோடு விடும் பிசிவி வால்வு வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பங்கிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். மேனிஃபோல்டின் வேக்குவம் அதன் வழியே கழிவு வாயுவை உறிஞ்சி மீண்டும் எரிப்பதற்கு அனுப்பும். மற்றொன்று ஏர் பில்ட்டரைத் தாண்டிய இடத்திலிருந்து டேப்பட் கவருக்கு வரும். சுத்தமான காற்று இதன் வழியே கிராங்க்கேஸுக்குள் நுழையும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் குறைந்துவிடுவதால், மிகுதியான வாயு இந்த இரண்டாவது குழாயிலேயே எதிர்த்திசையில் ஏர் பில்ட்டர் குழாய்க்குப் போகும். பில்ட்டரைச் செருகுவதற்காக எல்லாரும் கழற்றுவது இந்த இரண்டாவது குழாயைத்தான். அது கழிவை வெளியேற்றும் வழி மட்டும்தான் என்று எண்ணிக் கழற்றுகிறார்கள். புதுக்காற்று உள்ளே வரும் வழியும் அதுவே என்பது தெரிவதில்லை.

இரண்டையும் கண்டறிந்து டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். இந்த இடத்தில் நடக்கும் தவறுகளில் ஆபத்தானது, பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸைப் பிரீதர் என்று கருதிக் கழற்றுவது. அதுவும் மேனிஃபோல்டிலிருந்துதான் கிளம்பும், ஆனால் டிரைவர் பக்கத்துச் சுவரில் இருக்கும் பெரிய வட்டப் பெட்டியில் போய் முடியும். அதைக் கழற்றிவிட்டால் பிரேக் பெடல் கல்போல இறுகிவிடும். பெட்ரோல் டேங்க் ஆவியைக் கொண்டுவரும் மெல்லிய குழாய், அந்த ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டருக்கு உரியது, அதையும் தொடக்கூடாது. ஒவ்வொரு ஹோஸையும் விரலால் தடவிக்கொண்டே அதன் மறுமுனை வரை போய்ப் பார்த்த பிறகே பெயர் எழுதுங்கள்.

3. எஞ்சின் எந்த வகை என்று உறுதி செய்யுங்கள்

ஒரே பில்ட்டர் வெவ்வேறு எஞ்சின்களில் வெவ்வேறு விளைவைத் தரும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது.

ஏர் பில்ட்டர் பெட்டியை அடுத்து, குழாயிலேயே காற்றின் அளவை அளக்கும் மாஃப் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த சென்சாரைத் தாண்டிய காற்றுக்கு மட்டுமே ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கணக்கிடும். டேப்பட் கவரில் பில்ட்டரை மாட்டியதும், அளக்கப்படாத காற்று அதன் வழியே கிராங்க்கேஸுக்குள் நுழைந்து பிசிவி வழியாக மேனிஃபோல்டுக்குப் போய்ச் சேரும். கலவை மெலியும், ஐட்லிங் தடுமாறும், நாளடைவில் செக் எஞ்சின் விளக்கு எரிந்து பி0171 என்ற குறியீடு வரக்கூடும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மாப் சென்சார் மட்டும் உள்ள எஞ்சினில் பெட்ரோல் கணக்கு பெரிதாகக் கெடாது. அதனால்தான் ஒரே பில்ட்டரை மாட்டிய இருவரில் ஒருவர் "ஒன்றும் ஆகவில்லை" என்றும் மற்றவர் "வண்டி மிஸ்ஸிங் ஆகிறது" என்றும் சொல்கிறார்கள்.

அடுத்து, பெட்ரோல் எங்கே பீச்சப்படுகிறது என்று பாருங்கள். சிலிண்டருக்கு வெளியே, இன்டேக் போர்ட் என்ற காற்று வழியில் பீச்சும் எஞ்சினில், பெட்ரோலே வால்வின் பின்புறத்தைக் கழுவிக்கொண்டிருக்கும். ஹுண்டாயின் 1.0 டர்போ ஜிடிஐ, ஃபோக்ஸ்வாகனின் 1.0 டிஎஸ்ஐ போன்ற, சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் அந்தக் கழுவல் கிடையாது. பிரீதர் வாயுவில் வரும் ஆயில் இன்டேக் வால்வில் கரியாகப் படியும். ஆயிலைப் பிரித்தெடுக்கும் ஏற்பாட்டுக்கு உண்மையான பயன் இருப்பது இப்படிப்பட்ட எஞ்சின்களில்தான்.

டீசல் டர்போ எஞ்சினில் வேக்குவத்தால் இயங்கும் பிசிவி வால்வு பொதுவாக இருக்காது. டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு ஒன்றின் வழியாக வாயு டர்போவின் வாய்க்குப் போகும். இன்டர்கூலர் ஹோஸின் உள்ளே மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது டீசலில் இயல்பானது; அதைப் பார்த்துக் கலங்கிப் பில்ட்டர் வாங்க வேண்டாம்.

4. ஆயில் அளவையும் கிராங்க்கேஸ் அழுத்தத்தையும் பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். சர்வீஸில் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தால், கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிப் பிரீதர் குழாயில் தள்ளும். ஆயிலைக் கோட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஏர் பில்ட்டரில் ஆயில் ஏறுகிறது என்று வந்தவர்களில் சிலருடைய பிரச்சினை இதோடு தீர்ந்துவிட்டது. டீசலில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் மிகையான ஆயில் இன்டேக்கில் ஏறினால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து, சாவியை அணைத்த பிறகும் கட்டுக்கடங்காமல் ஓடும் அபாயம் உண்டு.

பிறகு தண்ணீர்க் குழாய்ச் சோதனை. பழைய ஆயில் மூடியில் துளையிட்டு நிப்பிள் ஒன்றைப் பொருத்திக் காற்றுப் புகாமல் பசை வையுங்கள். ஒளிபுகும் குழாயின் ஒரு முனையை அதில் செருகி, நடுப்பகுதியை பம்பருக்கு முன்னால் தரை வரை தொங்கவிட்டு, மறுமுனையை மேலே தூக்கிக் கட்டினால் யூ வடிவம் வரும். அதில் சாயம் கலந்த தண்ணீரை இரு பக்கமும் சுமார் 20 செ.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள். தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடாமல் இருக்க, நீர்மட்டத்துக்கு மேலே இரு கைகளிலும் குறைந்தது 60 செ.மீ. வெறும் குழாய் இருக்கட்டும். டிப்ஸ்டிக் குழாயிலேயே இதைச் செருகலாம் என்று சிலர் சொல்வார்கள். சில எஞ்சின்களில் அந்தக் குழாயின் அடி ஆயிலில் மூழ்கியிருப்பதால் கிராங்க்கேஸ் அழுத்தம் அதில் தெரியாது. ஆகவே ஆயில் மூடி வழியே செய்வதுதான் நம்பகமானது.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பின், ஏசியை அணைத்து ஐட்லிங்கில் விடுங்கள். பிசிவி சரியாக வேலை செய்தால் எஞ்சின் பக்கத்து நீர்மட்டம் சற்று மேலே ஏறும். அதாவது உள்ளே லேசான உறிஞ்சல் இருக்கிறது. இரு மட்டங்களுக்கும் இடையே 1 செ.மீ. வித்தியாசம் இருந்தால் ஏறத்தாழ 1 மில்லிபார். எஞ்சின் பக்கத்து மட்டம் கீழே தள்ளப்பட்டால், உள்ளே அழுத்தம் கட்டுகிறது என்று பொருள். மட்டம் விடாமல் ஏறிக்கொண்டே போனால் உடனே எஞ்சினை அணையுங்கள். டயாஃப்ரம் கிழிந்து மேனிஃபோல்டு நேராகக் கிராங்க்கேஸை உறிஞ்சுகிறது. இப்படிப்பட்ட எஞ்சின்களில் ஐட்லிங்கின்போது விசில் போன்ற சத்தம் கேட்கும், ஆயில் மூடியும் எளிதில் கையோடு வராது.

ஐட்லிங்கில் பார்த்த பிறகு நிமிடத்துக்கு 2500 சுற்றில் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஐட்லிங்கில் உறிஞ்சல் இருந்து, சுற்று ஏறியதும் தண்ணீர் வெளிப்பக்கம் தள்ளப்பட்டால், வாயுவின் அளவு வழியின் கொள்ளளவை மிஞ்சுகிறது. ரிங் தேய்வைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து, புகை வருவதைப் பார்த்து மட்டும் தீர்ப்பு சொல்வது தவறு. சூடான எந்த எஞ்சினிலும் சிறிது ஆவி வரும்; அதைக் கைபேசியில் படம் பிடித்துப் பயமுறுத்தி, எஞ்சின் வேலைக்கு வண்டியை உள்ளே இழுக்கும் ஒர்க்‌ஷாப்களும் உண்டு.

5. கம்ப்ரஷன் பாருங்கள், பெங்களூருவின் உயரத்தை நினைவில் வைத்து

தண்ணீர்க் குழாய் அழுத்தத்தைக் காட்டினால் மட்டும் இந்தப் படி தேவை. எஞ்சின் சூடாக இருக்க, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டர் போடச் சொல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த அளவு குறைவாகவே காட்டும், அதை நம்ப முடியாது.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு, கம்ப்ரஷன் கேஜின் முள்ளும் அதே அளவுக்குக் குறைத்துத்தான் காட்டும். புத்தகத்தில் உள்ள எண்ணோடு நேராக ஒப்பிட்டு, "ரிங் போய்விட்டது" என்று நல்ல எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். சிலிண்டர்களுக்கு இடையேயான வித்தியாசத்தையே முதன்மையாகப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

ரிங் தேய்ந்தது உறுதியானால் இந்த வழிகாட்டியில் மேலே படிக்க வேண்டியதில்லை. பில்ட்டரும், வாயுவில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பாவான கேட்ச் கேனும் தேய்ந்த ரிங்கைச் சரிசெய்யா. அவற்றைப் போட்டு ஒரு வருடம் ஓட்டினால் செலவு தள்ளிப்போகும், அந்த ஒரு வருடத்தில் சிலிண்டரின் உட்சுவரும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும்.

6. பிசிவி வால்வையும் ஹோஸ்களையும் சீர்செய்யுங்கள்

அழுத்தம் இருந்து கம்ப்ரஷன் நன்றாக இருந்தால், பெரும்பாலும் வழி அடைத்திருக்கிறது. பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டுங்கள். சாதாரண வகை என்றால் உள்ளே கிலுகிலுப்பை போல ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் கிளீனர் அடித்து நேரம் செலவழிக்காமல் புதிது வாங்குங்கள். உள்ளே உள்ள ஸ்பிரிங்கின் இறுக்கம் ஒவ்வொரு எஞ்சினுக்கும் வேறுபடும் என்பதால், அளவு பொருந்துகிற வேறு மாடல் வால்வைப் போடாமல், காரின் பாக எண்ணைச் சொல்லியே கேளுங்கள். டேப்பட் கவரோடு சேர்ந்த டயாஃப்ரம் வகையில் ஆட்டிப் பார்க்கும் சோதனை பொருந்தாது. அங்கே தண்ணீர்க் குழாயின் தீர்ப்புதான்.

ஹோஸ்களைக் கழற்றி, ஒரு முனையில் வெளிச்சம் காட்டி மறுமுனையில் பாருங்கள். அல்சூரில் இருக்கும் நண்பர் ஒருவரின் காரில் டேப்பட் கவர் ஓரமாக ஆயில் கசிந்தது. அழுத்தத்தை வெளியேற்றினால் நின்றுவிடும் என்று யாரோ சொல்லப் பிரீதர் பில்ட்டரோடு வந்தார். தண்ணீர்க் குழாய் ஐட்லிங்கிலேயே 6 செ.மீ. வெளியே தள்ளியது. பிசிவியிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைக் கழற்றியபோது, கடைந்த மோரில் திரளும் வெண்ணெயைப் போன்ற மஞ்சள் நிறக் கசடு வளைவு முழுக்க அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் குழைந்து வந்தது. கிள்ளிப் பார்த்தால் விரலிடையே தண்ணீரும் ஆயிலும் தனித்தனியாகப் பிரிந்தன. அவருடைய அலுவலகம் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர். டிசம்பர், ஜனவரிக் காலைக் குளிரில் கிளம்பி, ஆயில் சூடாவதற்கு முன்பே வண்டியை அணைத்துவிடுவதால், நீராவி வெளியேறாமல் ஆயிலோடு கலந்து இப்படித் திரண்டுவிடுகிறது. ஹோஸையும் வால்வையும் டேப்பட் கவர் கேஸ்கெட்டையும் மாற்றியபின் தண்ணீர் 2 செ.மீ. உட்பக்கம் ஏறியது. வாங்கிய பில்ட்டரை அவர் பிரிக்கவே இல்லை.

குறைந்த தூரம் மட்டும் ஓட்டுபவர்கள் வாரம் ஒருமுறையாவது நிற்காமல் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுவது இந்தக் கசடுக்கு நல்ல மருந்து. இப்படிப்பட்ட வண்டியில் பிசிவியை அடைத்துவிட்டுத் திறந்த பில்ட்டர் போட்டால், நீராவியை உறிஞ்சி இழுக்க ஆளில்லாமல் கசடு இன்னும் வேகமாகச் சேரும்.

7. இப்போது முடிவெடுங்கள்

தண்ணீர்க் குழாய் உறிஞ்சலைக் காட்டுகிறது, ஆயில் குறையவில்லை, எஞ்சின் போர்ட் இன்ஜெக்‌ஷன் வகை என்றால் எதையும் பொருத்த வேண்டாம். நகரத்தில் ஓடும் பெரும்பாலான கார்கள் இந்த வகையில்தான் அடங்கும். பிக்கப் கூடும் என்பதற்காகப் போடுவதாக இருந்தால், அந்தப் பலன் கிடைக்காது.

எஞ்சின் நலமாக இருந்தும் இன்டேக்கில் ஆயில் சேர்கிறது, அல்லது நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால், கழிவு வாயுவை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் மூடிய கேட்ச் கேன் பொருத்துவது பொருள் உள்ள வேலை. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் காரில் அதையும் செய்யாதீர்கள்.

திறந்த பில்ட்டருக்குச் சட்டமும் இடம் தரவில்லை. கிராங்க்கேஸ் வாயு வெளிக்காற்றில் கலக்கக்கூடாது என்பது மாசு விதிகளின்படி கார் மாடல் ஒன்று ஒப்புதல் பெறுவதற்கான நிபந்தனை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 விதிகளிலும் அது தொடர்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, காற்று மாசு விதிகளை மீறிய வண்டியை ஓட்டுவதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. பியுசி எனும் புகைச் சோதனையில் தேறிவிட்டதே என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்தக் கருவி சைலன்சரின் வாயில் வருவதை மட்டும் அளக்கிறது. டேப்பட் கவரில் கசிவது அதற்குத் தெரியாது. ஆனால் அந்த ஆவியை முதலில் சுவாசிப்பது வண்டிக்குள் இருப்பவர்கள். நானே என் 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் இரண்டு வாரம் திறந்த பில்ட்டர் மாட்டி ஓட்டினேன். சில்க் போர்டு சிக்னலில் நின்றபோதெல்லாம், கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வழியாகக் காய்ந்த ஆயிலும் பச்சைப் பெட்ரோலும் கலந்த வாடை கேபினுக்குள் வந்தது. பின் சீட்டில் இருந்த குழந்தைக்குத் தலைவலி வந்ததும் கழற்றிவிட்டேன். பானெட்டைத் திறந்தபோது, சிவப்பாக இருந்த பில்ட்டரின் அடிப்பகுதி கருத்து, நுனியில் ஒரு ஆயில் துளி தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி டேப்பட் கவரில் உள்ளங்கை அகலத்துக்குப் புழுதி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

8. மூடிய கேட்ச் கேன் பொருத்தும் முறை

கேனை வாங்கும்போதே மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தடுப்புத் தகடோ நெருக்கமான வலையோ இல்லாத வெறும் டப்பாவில் ஆயில் துளிகள் ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் போய்விடும். உள்ளே வலை இல்லை என்று பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணிக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த நாரின் துணுக்குகள் உதிர்ந்து நேராகச் சிலிண்டருக்குள் போகும்.

கேனின் இடம் பிசிவி வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில். பிசிவி வால்வு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இடைஞ்சலாக இருக்கிறது என்று எடுத்துவிட்டால், உறிஞ்சலை அளவோடு வைக்க ஏதுமின்றி ஐட்லிங் கெடும், ஆயிலும் கூடுதலாக இழுக்கப்படும். டர்போ எஞ்சினில் பூஸ்ட் ஏறும்போது வாயு டர்போ வாய்க்குப் போகும் குழாயில்தான் செல்லும் என்பதால், அந்தக் குழாயிலும் ஒரு கேன் இல்லாவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். டீசலில் டேப்பட் கவருக்கும் டர்போ வாய்க்கும் நடுவில் ஒன்று போதும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவற்றிலிருந்து விலகிய, காற்றோட்டமுள்ள இடத்தில் கேனைப் பிடிப்போடு பொருத்துங்கள். கேன் குளிர்ந்திருந்தால்தான் ஆவி துளியாகி அடியில் தங்கும். ஆயில் தாங்கும் எரிபொருள் ஹோஸையே பயன்படுத்துங்கள். நிறத்துக்காக வாங்கும் சாதாரண சிலிகான் ஹோஸ் ஆயில் ஆவியில் ஊறி உப்பிவிடும், வேக்குவத்தில் சப்பிக்கொள்ளவும் செய்யும். உள்விட்டம் பழைய ஹோஸைவிடக் குறையக்கூடாது. எஞ்சினிலிருந்து கேன் வரை ஹோஸ் சீராக இறங்கட்டும். நடுவில் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, நாம் எடுத்த கசடே மீண்டும் சேரும்.

எல்லா இணைப்பிலும் கிளாம்ப் போட்டபின் எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, தண்ணீர்க் குழாயை மீண்டும் மாட்டிப் பாருங்கள். பொருத்தும் முன் எடுத்த அளவே வர வேண்டும். உறிஞ்சல் குறைந்திருந்தால் கேன் வழியை நெரிக்கிறது. ஐட்லிங் சுற்று ஏறியிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் விடுபவர்கள்தான் ஆறு மாதம் கழித்து ஆயில் சீல் கசிகிறது என்று வருகிறார்கள்.

9. திறந்த பில்ட்டருக்கு இடமுள்ள வண்டி

பொதுச் சாலையில் ஓடாத பந்தய வண்டிக்கும், பிசிவி இல்லாமல் திறந்த குழாயோடேயே தயாரிக்கப்பட்ட மிகப் பழைய எஞ்சினுக்கும் திறந்த ஏற்பாடு பொருந்தும். பெங்களூருவிலிருந்து கோவை கரி ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ வண்டி கொண்டுபோகிறவர்கள், பில்ட்டரை நேராக டேப்பட் கவரில் மாட்டாமல், முதலில் ஒரு தொட்டி, அந்தத் தொட்டியின் தலையில் பில்ட்டர் என்று அமைக்க வேண்டும். டிராக்கில் ஆயில் சொட்டினால் பின்னால் வருபவரின் உயிருக்கே ஆபத்து. திறந்த பிரீதர் உள்ள வண்டிக்கு, 2000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் தொட்டி என்பது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி.

ஏர் பில்ட்டர் குழாயில் காலியான மூக்கை டம்மி போட்டு அடைக்க மறக்காதீர்கள். அது திறந்திருந்தால் வடிகட்டாத புழுதி நேராக எஞ்சினுக்குள் போகும். மேனிஃபோல்டில் உள்ள மூக்கை ரப்பர் மூடியால் மட்டும் அடைத்தால் சூட்டில் வெடித்துவிடும், கிளாம்பும் போடுங்கள். பில்ட்டரை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ஆயிலில் ஊறி அடைத்த பில்ட்டர், அடைத்த ஹோஸுக்குச் சமம்.

10. பொருத்தியபின் முதல் 1000 கிலோமீட்டர்

ஸ்கேனரில் நீண்டகால ஃபியூயல் டிரிம் எண்ணை (பெட்ரோல் அளவை ஈசியு எத்தனை சதவீதம் திருத்துகிறது என்று காட்டுவது) பொருத்தும் முன்பே குறித்து வைத்து, 200 கிலோமீட்டர் ஓட்டியபின் ஒப்பிடுங்கள். முன்பு 2 என்று இருந்தது பொருத்தியபின் 10-ஐத் தாண்டினால், விளக்கு எரியும் வரை காத்திருக்காமல் காற்றுக் கசிவைத் தேடுங்கள்.

கேட்ச் கேனை முதலில் 500 கிலோமீட்டரிலும் பிறகு 1000 கிலோமீட்டரிலும் திறந்து, எவ்வளவு சேர்ந்தது என்று ஒரு பழைய மருந்து அளவைக் குப்பியில் அளந்து எழுதுங்கள். குளிர்காலத்தில் பால்போன்ற நீர் மிகுதியாக வரும், கோடையில் கருத்த ஆயிலாகக் கொஞ்சம் வரும், இரண்டும் இயல்பு. ஓட்டும் முறை மாறாமலேயே அளவு மாதத்துக்கு மாதம் இரட்டிப்பானால் ஐந்தாம் படிக்குத் திரும்பி கம்ப்ரஷன் பாருங்கள். சேர்ந்ததை மீண்டும் எஞ்சினில் ஊற்றாதீர்கள், அதில் தண்ணீரும் பெட்ரோலும் அமிலமும் கலந்திருக்கின்றன. சாக்கடையிலும் ஊற்றாமல் மூடிய பாட்டிலில் சேர்த்து வைத்து, அடுத்த ஆயில் மாற்றத்தின்போது ஒர்க்‌ஷாப்பின் கழிவு ஆயில் பீப்பாயில் போடக் கொடுத்துவிடுங்கள்.